வண்டி தெரியும்படி ஒரு கட்டில்

திருச்செங்கோடு
20 ஜனவரி 2025

பிரபாகர் அண்ணாவுக்கு,

தனப்பிரியா எழுதுகிறேன். போன வைகாசியில் இருந்து நீங்கள் என் ஃபோனை எடுப்பதில்லை. அம்மாவின் ஃபோனில் கூப்பிட்டாலும் என் குரல் கேட்டதும் "சிக்னல் இல்லை" என்று வைத்துவிடுகிறீர்கள். சத்தீஸ்கர் காட்டில் எனக்கு மட்டும் சிக்னல் போவது எப்படி என்று எந்தக் கம்பெனிக்காரனும் சொல்ல மாட்டேன் என்கிறான். பொங்கலுக்கும் நீங்கள் வரவில்லை. அதனால்தான் கடிதம். பத்து நாளைக்கு ஒரு முறை நம் ஷெட்டில் இருந்து உங்கள் போர்வெல் கேம்ப்புக்குப் பாறை துளைக்கும் பிட்டும் உதிரிபாகமும் ஏற்றிப் போகிற லாரியில் இதை வைத்து அனுப்பும்படி அப்பாவிடம் கொடுத்திருக்கிறேன். அப்பா காரணம் கேட்கவில்லை. "போர் பிட் பெட்டிக்குள்ள வெக்கறேன். கிரீஸ் பட்டுதுன்னா என்னையக் கேக்கக் கூடாது" என்றார்.

விஷயத்துக்கு வருகிறேன். ஆர்க்கிடெக்சர் முடித்து எட்டு மாதம் ஆகிறது. கோயம்புத்தூரில் மூன்று ஆபீஸ், பெங்களூரில் ஒன்று, நான்கிலும் என் கடைசி வருட டிசைனைக் காட்டினேன். நான்கிலும் ஒரே பதில்: படம் நன்றாக இருக்கிறது, கட்டினால் நிற்குமா? மார்ச் 8-ஆம் தேதி சேலத்தில் கட்டடக் கலைஞர்கள் சங்கம் ஒரு கண்காட்சி வைக்கிறது. புதிதாகப் படித்து முடித்தவர்களைப் பார்க்கப் பத்து ஆபீஸ்காரர்கள் வருகிறார்கள். ஆளுக்குப் பதினைந்து நிமிடம். அதிலும் கிடைக்கவில்லை என்றால் நாமக்கல்லில் ஒருவர் வரச் சொல்லியிருக்கிறார். ஒரே வீட்டுப் பிளானை வாசலை மட்டும் மாற்றி மாற்றி வரைந்துகொண்டிருக்கலாம். ஐந்து வருடம் அதற்காக நான் படிக்கவில்லை.

டிசைன் என்னவென்று உங்களுக்குத் தெரியும். தெரியாதது போல் இருப்பீர்கள் என்பதால் மறுபடி சொல்கிறேன். மழைக்காலத்தில் ஊர் திரும்பும் போர்வெல் ரிக் வண்டிகளை நிறுத்த ஒரு இடம், அதில் வேலை செய்கிறவர்கள் தங்க ஒரு கட்டடம். போர் போடும்போது வெளியே வந்து குவியும் கல் தூளில் செய்த கற்களால் சுவர். அங்கே விழும் மழைத் தண்ணீர் முழுவதும், வற்றிப்போன மூன்று போர்களுக்குள் திரும்ப இறங்கும். பிரிண்ட் ஒன்று இதோடு வைத்திருக்கிறேன்.

எனக்கு வேண்டியது உங்கள் ராடு நோட்டுகள். இருபது அடி இரும்பு ராடு ஒவ்வொன்றும் இறங்கும்போதும் எத்தனை அடியில் என்ன மண், என்ன கல் என்று நீங்கள் எழுதி வைக்கிறீர்கள் அல்லவா, அது. எவ்வளவு தூள் கிடைக்கும், எப்படிப்பட்ட தூள் என்று அதை வைத்துத்தான் காட்ட முடியும். வேறு யாரிடமும் அப்படி ஒரு நோட்டு இல்லை. அந்த நாளைப் பற்றி இப்போது எழுதவில்லை. நோட்டை மட்டும் கேட்கிறேன்.

தனப்பிரியா


கேம்ப், ஜக்தல்பூர் பக்கம்
29 ஜனவரி

தனப்பிரியாவுக்கு,

நோட்டு தர முடியாது.

நீ எழுதாமல் விட்ட நாளை நான் எழுதுகிறேன். உன் கடைசி ரிவ்யூவுக்கு நீதான் கூப்பிட்டாய். தேருக்கு ஊருக்கு வந்திருந்தேன். அம்மா இஸ்திரி போட்டுக் கொடுத்த வெள்ளைச் சட்டையில் வந்து உன் கிளாஸில் கடைசியில் நின்றேன். உன் போர்டில் ஒரு பெரிய படம். மேலே 'பூமியைத் துளைத்துத் தீர்த்தவர்கள்' என்று எழுதியிருந்தது. படத்தில் இருந்தது என் வண்டி. பம்பரில் இருக்கும் நசுங்கல் எனக்குத் தெரியாதா? ஆனால் வண்டியின் நெற்றியில் இருக்கும் பெயர் மட்டும் படத்தில் இல்லை. அளவாக வெட்டி எடுத்திருந்தாய். உன் வாத்தியார் "இது யாரோட ரிக்?" என்று கேட்டார். "தெரியலைங்க சார், ரோட்டுல எடுத்தது" என்றாய்.

உனக்குப் பதினோரு வயது இருக்கும்போது அந்த வண்டி வந்தது. ஸ்ரீ தனப்பிரியா போர்வெல்ஸ் என்று எழுதச் சொன்னது அப்பா. கூட நின்று எழுத வைத்தது நான். பெயின்டர் எழுதி முடிக்கும்வரை நீ வெயிலில் இருந்து நகரவில்லை. அந்தப் பெயரைத்தான் நீ வெட்டினாய்.

நாங்கள் துளைத்துத் தீர்த்தவர்கள் என்றால், கூப்பிட்டவர்கள் யார்? தண்ணீர் இல்லாத வீட்டுக்காரன் கையைப் பிடித்துக்கொண்டு கூப்பிடுகிறான், நாங்கள் போகிறோம்.

பிரிண்ட்டைப் பார்த்தேன். பார்க்க வேண்டாம் என்றுதான் இருந்தேன், சுப்பையன் விரித்துவிட்டான். ஒன்று மட்டும் சொல்கிறேன். வண்டிகள் ஒரு மூலையில், தூங்குகிற கட்டடம் இன்னொரு மூலையில் வேப்ப மரத்தடியில். நடுவில் நூற்றைம்பது அடி. சுப்பையன் பதினெட்டு வருடமாக டிரில்லர். அதைப் பார்த்துவிட்டு, "பாப்பா நல்லாத்தான் வரைஞ்சிருக்குது. பழைய டயரு போட்டு வெக்கறதுக்கு ஆகும்" என்றான். வண்டியை விட்டுத் தள்ளிப் படுக்கிற ரிக்காரன் ஒருத்தனைக் காட்டு, நோட்டு தருகிறேன்.

பிரபாகர்


திருச்செங்கோடு
7 பிப்ரவரி

அண்ணாவுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை கோபம் வந்தது. இரண்டாவது தடவை அழுகை வந்தது. மூன்றாவது தடவை சுப்பையன் அண்ணன் மேல் மட்டும் கோபம் வந்தது.

பெயரை வெட்டியது தப்பு. காரணம் சொல்கிறேன், சமாதானம் இல்லை. ஹாஸ்டலில் என்னை 'போர்வெல்' என்றுதான் கூப்பிடுவார்கள். ரிவ்யூவுக்கு முந்தின வாரம் நிலத்தடி நீர் பற்றிப் பேச வந்த ஒருவர், இந்த ஜில்லாவைக் காயவைத்ததே திருச்செங்கோட்டு வண்டிகள்தான் என்றார். மொத்த கிளாஸும் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தது. அன்றைக்கு ராத்திரிதான் படத்தை வெட்டினேன். பயந்துவிட்டேன். நீங்கள் பின்னால் நிற்பது தெரிந்தும், வாயில் வந்த வார்த்தையை நிறுத்தத் தெரியவில்லை. இதை நேரில் சொல்லத்தான் எட்டு மாதமாக ஃபோன் அடித்தேன்.

ஆனால் தண்ணீர் விஷயத்தில் நான் எழுதியதை மாற்ற மாட்டேன். நம் சொந்தத் தோட்டத்தில் ஆறு போர் இருக்கிறது. எத்தனையில் தண்ணீர் வருகிறது? ஆறும் நம் வண்டி போட்டதுதானே? கூப்பிட்டவன் மேல் தப்பு என்றால், அந்த ஆறுக்கும் கூப்பிட்டவர் அப்பா. தலைப்பைத் திருத்துகிறேன். கருத்தை இல்லை.

அடுத்தது தூக்கம். வேப்ப மர நிழல், தெற்குக் காற்று, வெயில் படாத சுவர் என்று கணக்குப் போட்டு வைத்த இடம் அது. ரோசத்தில் ஞாயிற்றுக்கிழமை சங்ககிரி ரோட்டுப் பட்டறைக்குப் போனேன். ரிப்பேருக்கு நான்கு வண்டி நின்றது. பதினொரு ஆட்கள். யார் எங்கே தூங்குகிறீர்கள் என்று ஒவ்வொருவரையும் கேட்டு எழுதினேன். பட்டறைக்காரர் ஃபேன் போட்ட ஒரு ரூம் கொடுத்திருக்கிறார். அதில் இரண்டு பேர். ஆறு பேர் வண்டிக்கு அடியில். மூன்று பேர் ராடுகளின் மேல் தார்ப்பாயைப் போட்டு. ஏன் என்று கேட்டால், "பிட்டை எவனாச்சும் தூக்கிட்டுப் போயிருவானுங்க" என்கிறார்கள். பிட் எல்லாம் ஷெட்டில் பூட்டி இருக்கிறது. "இருந்தாலும் வண்டி கண்ணுல படோணுமுங்க" என்றார் ஒருவர். அந்த ரூமில் தூங்கும் இரண்டு பேர் யார் என்று பார்த்தால், ஒருவருக்குக் காய்ச்சல், ஒருவர் சமையல்காரர்.

நீங்கள் சொன்னது சரி. இதை எழுத எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியும். ஐந்து வருடம் படித்தேன், படுக்கப் போகிறவரைக் கேட்கவில்லை. கண்காட்சிக்கு ஒரு மாதம் இருக்கிறது. கட்டடத்தை எங்கே நகர்த்துவது என்று தெரியவில்லை. வண்டிக்குப் பக்கத்தில் வைத்தால் டீசல் புகை, சத்தம், வெயில். தள்ளி வைத்தால் டயர் குடோன்.

வண்டியைப் புதிதாக ஒரு ஃபோட்டோ எடுத்து அனுப்ப முடியுமா? முழு வண்டியும் தெரிய வேண்டும்.

தனப்பிரியா


கேம்ப்
15 பிப்ரவரி

பாப்பாவுக்கு,

நோட்டு மூன்று அனுப்பியிருக்கிறேன். மழைக்குப் பிறகு போட்ட எண்பத்திரண்டு போர் அதில் இருக்கிறது. என் கையெழுத்து புரியவில்லை என்றால் அப்பாவிடம் கேள். அவருடையது இதைவிட மோசம், அதனால் அவருக்குப் புரியும்.

நீ வெறும் தூள் என்று எழுதியிருக்கிறாய். தூளில் சாதி இருக்கிறது. முதல் மூன்று ராடு, அதாவது அறுபது அடி வரைக்கும் வருவது மண். அதைச் சுவருக்கு நம்பாதே. எப்படித் தெரியும் என்று கேட்காதே, கேட்காமலே சொல்கிறேன். உன் முதல் கடிதம் வந்த அன்றே புத்ராமும் நானும் ஒரு பழைய டின்னை வெட்டிப் பெட்டி செய்து, கிடந்த தூளில் சிமென்ட் கலந்து நாலு கல் போட்டோம். நோட்டு தர மாட்டேன் என்று எழுதினேனே தவிர, கல் போட மாட்டேன் என்று எழுதவில்லை. மூன்றாம் நாள் அது கையில் உதிர்ந்தது. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பார்த்தாயா, நிற்காது என்று உனக்கு எழுதலாம் என்று. புத்ராம்தான் விடவில்லை. அவன் இந்த ஊர்க்காரன், நம் வண்டியில் ராடு மாட்டுகிறவன், ஊரில் கொத்து வேலை பார்த்தவன். அவன் ஐந்தாவது ராடுக்கு அப்புறம் வந்த கருங்கல் தூளை எடுத்துத் தண்ணீரில் அலசி, மாவைப் போக்கிவிட்டுக் குருணையை மட்டும் வைத்துப் போட்டான். ஒரு வாரம் தினமும் ஈரச் சாக்கு போர்த்தினான். அந்தக் கல்லை வண்டி மேலிருந்து கீழே போட்டோம். முனைகூடப் போகவில்லை. இரண்டு கல் பிட் பெட்டியில் வருகிறது. அலசின விஷயத்தை அப்படியே எழுதி வை, அதற்கு நீ படித்த காலேஜில் என்ன பெயரோ அதைப் போட்டுக்கொள்.

தண்ணீரைப் பற்றி. போன வாரம் ஒரு பெரியவருக்கு ஆயிரம் அடி போட்டோம். ஐம்பது ராடும் இறங்கிவிட்டது, தண்ணீர் இல்லை, தூள் புகைதான் வந்தது. அவர் எங்களுக்குச் சோறு போட்டு அனுப்பினார். சாப்பிட முடியவில்லை. நீ எழுதியது பொய் இல்லை பாப்பா. உன் மூன்று போர் யோசனையைச் சுப்பையனிடம் சொன்னேன். "தண்ணிய எடுத்துத்தான பழக்கம், கொண்டாந்து ஊத்தறதையும் ஒருக்காப் பாத்துப் போடலாம்" என்கிறான்.

இடம் எங்கே என்று கேட்டிருக்கிறாய். அது உன் தொழில். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: நடுராத்திரி முழிப்பு வந்தால், தலையைத் தூக்காமல் கண்ணை மட்டும் திறந்து வண்டியைப் பார்க்க வேண்டும். பார்த்தால் மறுபடி தூக்கம் வந்துவிடும்.

நீ கேட்ட ஃபோட்டோ அனுப்பவில்லை. வண்டி அழுக்காக இருக்கிறது.

அண்ணன்


திருச்செங்கோடு
25 பிப்ரவரி

அண்ணாவுக்கு,

இப்போது கூப்பிட்டால் எடுப்பீர்கள் என்று தெரியும். எழுதிப் பழகிவிட்டது, பேச வெட்கமாக இருக்கிறது. அதனால் இதையும் பெட்டியிலேயே அனுப்புகிறேன்.

ஒரு கல்லைச் சேலத்தில் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்தேன். அங்கே இருந்தவர், "எந்தச் சூளையில வாங்குனது?" என்று கேட்டார். சூளை இல்லை, டின் என்றேன். சிரித்துக்கொண்டேதான் மெஷினுக்குள் வைத்தார். முள் ஏற ஏறச் சிரிப்பு நின்றது. சுவர் கட்டும் கல்லுக்குக் கேட்கிற பலத்தைப் போல ஒன்றரை மடங்கு தாங்கிவிட்டுத்தான் உடைந்தது. முத்திரை வைத்த சான்றிதழ் கொடுத்திருக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு அம்மா, "புத்ராமுக்கு ஒரு வேட்டி எடுக்கோணும்" என்றார். இந்த லாரியில் வருகிறது, கொடுத்துவிடுங்கள்.

உங்கள் நோட்டில் இருந்த எண்பத்திரண்டு போரையும் படமாக வரைந்துவிட்டேன். மண்ணைத் தள்ளி, மாவைக் கழித்து, தண்ணீரோடு ஓடிப்போவதையும் கழித்தால், ஒரு ஆயிரம் அடி போருக்கு நானூறு கல் தாராளமாக வருகிறது. உங்கள் ஒரு வண்டி ஒரு சீசனில் வெளியே துப்புகிற தூளில் என் கட்டடம் முழுவதையும் கட்டிவிடலாம்.

இடமும் கிடைத்துவிட்டது. நீங்கள் 'தலையைத் தூக்காமல்' என்று எழுதிய வரியைச் சுவரில் ஒட்டி வைத்து நான்கு நாள் பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டடத்தைப் பக்கவாட்டில் நகர்த்தத்தான் இதுவரை யோசித்தேன். மேலே தூக்கலாம் என்று தோன்றவே இல்லை. இப்போது தூங்குமிடம் மாடியில். வண்டிகள் நிற்கும் வரிசைக்கு நேர் எதிரே, இருபது அடி தள்ளி. அந்த உயரத்தில் டீசல் புகை நிற்காது, தெற்குக் காற்றும் வரும். வெயில் படும் பக்கம் முழுவதும் இடைவெளி விட்டு அடுக்கிய கல் சுவர். ஒவ்வொரு கட்டிலுக்கும் தலையணை மட்டத்தில் சுவரில் ஒரு கல் குறைவு. அந்த ஓட்டை வழியாக அவரவர் வண்டி தெரியும். மொத்தம் நாற்பது கட்டில், நாற்பது ஓட்டை. ஒவ்வொன்றும் எந்தக் கோணத்தில் இருக்க வேண்டும் என்று தரையில் படுத்துப் பார்த்து வரைந்தேன். அப்பா வந்து பார்த்துவிட்டு, "ஏஞ்சாமி, ஒடம்பு சரியில்லையா?" என்றார்.

போர்டில் எந்த ஃபோட்டோ வைப்பது என்றும் முடிவு செய்துவிட்டேன். நீங்கள் புதிது அனுப்பாததால் பழையதுதான். எட்டாம் தேதி காலை பத்தரைக்கு என் முறை.

தனப்பிரியா


திருச்செங்கோடு
9 மார்ச்

அண்ணா,

அம்மா நேற்றே ஃபோனில் சொல்லிவிட்டார் என்று தெரியும். வேலை கிடைத்தது என்பதை மட்டும்தான் சொல்ல விட்டேன். மிச்சத்தை நானே எழுதுகிறேன்.

மற்றவர்கள் எல்லாம் லேப்டாப்பும் வழவழப்பான மாடல்களும் கொண்டுவந்திருந்தார்கள். நான் ஒரு கோணிப்பையில் உங்கள் கல்லைக் கொண்டுபோனேன். வாசலில் இருந்தவர் தேங்காயா என்று கேட்டார்.

போர்டில் முதல் படம் உங்கள் வண்டி. வெட்டாத படம். பம்பர் நசுங்கல், எலுமிச்சம்பழம், நெற்றியில் பெயர், எல்லாம் இருந்தது. மேலே தலைப்பு: 'துளைத்தவர்கள் திருப்பித் தருவது'. பத்துப் பேரும் எதிரே உட்கார்ந்தார்கள். கல்லைத் தூக்கி மேஜையில் வைத்தேன், தண்ணீர் கிளாஸ் எல்லாம் ஆடியது. அதற்குப் பிறகு பேச்சு வந்துவிட்டது.

கோயம்புத்தூரில் என்னை வேண்டாம் என்ற ஒருவரும் அதில் இருந்தார். "படமெல்லாம் ஏற்கெனவே பார்த்தேன். நிற்குமா என்பதுதான் கேள்வி" என்றார். சான்றிதழைக் கொடுத்தேன். நோட்டுகளைக் கொடுத்தேன். அவர் ஒரு பக்கத்தைப் புரட்டி, எழுபதாவது போர், ஒன்பதாவது ராடு என்ன என்று கேட்டார். கருங்கல், நடுவில் வெள்ளை வரி ஓடும் என்று பார்க்காமல் சொன்னேன். நோட்டை மூடிவிட்டார்.

உஷாராணி என்று ஒருவர், சேலத்தில் சொந்த ஆபீஸ் வைத்திருப்பவர், அதுவரை பேசவே இல்லை. எழுந்து வந்து மாடி வரைபடத்தின் மேல் விரலை வைத்து, "இந்த நாற்பது ஓட்டை எதுக்கும்மா? அழகுக்கா?" என்றார். இதற்குத்தான் பயந்துகொண்டிருந்தேன். பதிலுக்கு உங்கள் முதல் கடிதத்தின் கடைசிப் பாராவைப் படித்தேன். டயர் குடோனையும் சேர்த்து. அறை முழுவதும் சிரித்தது. போன வருடம் கிளாஸில் சிரித்த சிரிப்பு இல்லை அது. பிறகு பழைய பிளானை எடுத்துப் பக்கத்தில் வைத்து, "இது நான் யாரையும் கேக்காம வரைஞ்சதுங்க. இது கேட்டுட்டு வரைஞ்சதுங்க" என்றேன்.

அவர் படத்தின் பக்கம் திரும்பினார். அதே கேள்வி, அண்ணா. அதே வார்த்தை.

"இது யாரோட ரிக்?"

"எங்க அண்ணனோடதுங்க. பேரு என்னுதுங்க."

பதினைந்து நிமிடம் என்று சொன்னார்கள். நாற்பது நிமிடம் ஆகிவிட்டது. சாயங்காலத்துக்குள் மூன்று ஆபீஸ் கூப்பிட்டது, கோயம்புத்தூர்க்காரரும் சேர்த்து. நான் உஷாராணி மேடத்திடம் சேர்கிறேன், ஏப்ரல் முதல் தேதி. ஏன் தெரியுமா? மற்றவர்கள் எப்போது சேருவீர்கள் என்று கேட்டார்கள். அவர், சங்ககிரியில் லாரி நிறுத்தம் கட்ட இடம் வைத்திருக்கும் ஒருவரை அங்கேயே ஃபோனில் கூப்பிட்டு, "வண்டிக்காரங்க எங்க தூங்கறாங்கன்னு கேட்டிருக்கீங்களா?" என்றார். கட்டப்போகிறார்கள் அண்ணா. இதே சுவர், இதே கட்டில், இதே ஓட்டை. முதல் வேலையாக என்னை அதில்தான் போடுகிறார்.

பஸ்ஸில் வரும்போது கல்லை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். கண்டக்டர் லக்கேஜ் கேட்டார். சந்தோஷமாகக் கொடுத்தேன்.

உங்கள் தங்கை
தனப்பிரியா


கேம்ப்
18 மார்ச்

பாப்பா,

உன் கடிதத்தை வண்டி மேல் ஏறி நின்று சத்தமாகப் படித்தேன். சுப்பையன் பாதியில் கண்ணைத் துடைத்துவிட்டு, கம்ப்ரசர் தூசு என்றான். கம்ப்ரசர் ஓடவே இல்லை. புத்ராமுக்கு இந்தியில் சொன்னேன். அவன் அம்மாவின் வேட்டியைக் கட்டிக்கொண்டு, சங்ககிரிக்குக் கல் போட வருவதாகச் சொல்கிறான். உன் மேடத்திடம் கேட்டு வை.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். வண்டி அழுக்கு என்று எழுதினேனே, அது பொய். போன வருடம் உன் ரிவ்யூ முடிந்து வந்த அன்றைக்கே, பட்டறையில் கறுப்புப் பெயின்ட் வாங்கி, நெற்றியில் இருந்த உன் பெயரை நானே அடித்து மறைத்துவிட்டேன். வீட்டில் அப்பாவுக்கு மட்டும் தெரியும். பத்து மாதமாக இந்த வண்டி பெயர் இல்லாமல்தான் ஓடுகிறது. நீ படத்தில் வெட்டியதற்கு உன்னை அத்தனை பேசினேன். நான் வண்டியிலேயே வெட்டியிருந்தேன். அதனால்தான் நீ கேட்ட ஃபோட்டோவை அனுப்ப முடியவில்லை.

நேற்று ஜக்தல்பூர் போய் மஞ்சள் பெயின்ட்டும் இரண்டு பிரஷ்ஷும் வாங்கிவந்தேன். இங்கே தமிழ் எழுதத் தெரிந்த பெயின்டர் கிடையாது. நானே ஏணி போட்டு ஏறினேன். சுப்பையன் கீழே நின்று கோணலா நேரா என்று சொன்னான். வரி கொஞ்சம் மேலே ஏறிப்போய்விட்டது. அளவு பார்க்கிற ஆள் நீ, பார்த்தால் சிரிப்பாய். சிரித்துக்கொள். ஃபோட்டோ இதோடு வைத்திருக்கிறேன், பெயின்ட் காயாமல் எடுத்தது.

வைகாசித் தேருக்கு ஊருக்கு வருகிறோம். இந்த முறை வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுபோகவில்லை. நேராகச் சங்ககிரியில் உன் இடத்துக்குத்தான் வருகிறது. கட்டடம் அதற்குள் எழும்பியிருக்காது, தெரியும். அஸ்திவாரக் கோடு போட்டிருந்தாலும் போதும். என் கட்டில் எங்கே வரும் என்று காட்டு. அந்தத் தரையில் ஒரு ராத்திரி படுத்து, கண்ணை மட்டும் திறந்து, உன் பெயர் தெரிகிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.

அண்ணன்
பிரபாகர்